பாதி ஆசியோடு நிற்கிற வீடு

கரா-தாஷ் மேய்ச்சல் நிலம்,
மந்தை கீழ்ச்சரிவுக்கு இறங்கிய ஆறாம் நாள்.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி ஜுமாகாதிர் அவர்களின் சமூகத்துக்கு ஷாம்பெத் சொல்லிக்கொள்ளும் சலாம். இங்கு நானும் என் வீட்டுக்காரி சொனுனும் இருபத்து மூன்று யாக் மாடுகளும் ஒரு நாயும் ஆண்டவன் கருணையால் சுகம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டு அம்மாளும், தங்கள் செவலைக் குதிரையும், ஈற்றுக்கு நின்ற ஆடுகளும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். புது வீட்டு விருந்துக்கு வரவிடாமல் தங்களைப் பிடித்துவைத்த அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டதா என்றும், பிடுங்கிய இடம் ஆறிவிட்டதா என்றும் அறிய ஆவல். அந்தப் பல் மட்டும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுதுகிற நிலைமையே வந்திருக்காது.

நான் சொல்லச் சொல்லச் சொனுன் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது என்பது தாங்கள் அறிந்ததே. பள்ளிக்கூடம் கீழே இருந்தது, ஆடுகள் மேலே இருந்தன, என் அப்பா ஆடுகள் பக்கம் சேர்ந்துகொண்டார். அதனால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. எழுதி வைத்துக்கொள்ள முடியாதவன் எல்லாவற்றையும் தலையிலேயே வைத்துக்கொள்கிறான். என் மகளைப் பெண் கேட்டு வந்த அன்றைக்குத் தாங்கள் போட்டிருந்த கோட்டு தங்கள் மைத்துனருடையது என்பதும், அதில் இரண்டாவது பொத்தான் இல்லை என்பதும் எனக்கு இன்றைக்கும் கண்முன்னால் நிற்கிறது. குறையாகச் சொல்லவில்லை. ஞாபகம் இருக்கிறது என்று சொல்கிறேன், அவ்வளவுதான். சொனுன் நான் சொல்வதை அப்படியே எழுதுகிறாளா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நான் நீளமாகத் திட்டினால் பென்சில் குட்டையாக ஓடுகிறது. 'மாப்பிள்ளை' என்ற சொல்லுக்கு முன்னால் மூன்று சொல் சொன்னேன். அவள் பென்சில் முனையை எச்சில் தொட்டு நனைத்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்றையும் இனி வருகிற இடத்திலெல்லாம் தாங்களாகச் சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வசந்தத்தில் தங்கள் வீட்டில், தங்கள் ரொட்டி மேல் கை வைத்து என் மகள் மேரிம் சொன்ன சொல் தங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. நாங்கள் முப்பது குளிர்காலம் குடியிருந்த பழைய கூட்டுப்பண்ணை இரும்பு வண்டி தரை இற்று விழுந்த சமயம் அது. அதற்கு முந்தின மாதம்தான் சொனுன் வெளியே ஒதுங்கப் போன இடத்தில் பனிக்கட்டி வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மேரிம் சொன்னாள், "அப்பா, இனிமே அந்த வண்டியில ஒரு குளிர்காலம்கூடக் கிடையாது. பனி விழறதுக்குள்ள மேல ஒரு ஒழுங்கான வீடு எழும்பி, பெரியவர் ஒருத்தர் வந்து தோர்ல, அந்த மூத்த விருந்தாளி இடத்துல, உட்கார்ந்து சாப்பிட்டு ஆசி சொல்லிட்டார்னா, நீங்க உங்க மாடுகளோட அங்கயே இருங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இல்லேன்னா மாடுகளை வித்துட்டு எங்ககூட பட்டணத்துல நாலாவது மாடிக்கு வந்துடணும்." நானும் ரொட்டி மேல் கை வைத்தேன். தாங்கள் சாட்சி. அந்த நாலாவது மாடியில் நான் ஒன்பது நாள் இருந்து பார்த்திருக்கிறேன் சம்பந்தி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொருவன் ஜன்னல், அதில் அவன் பல் தேய்க்கிறான். ஒரு முறை மாட்டைக் கூப்பிடுகிற குரலில் சொனுனைக் கூப்பிட்டுவிட்டேன், மூன்று மாடி ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இங்கே என் இருபத்து மூன்று மாட்டுக்கும் எனக்குப் பெயர் தெரியும், குணம் தெரியும், ஏழு தலைமுறைத் தாய் வழி தெரியும். அங்கே போய் நான் யாருடைய தலைமுறையைத் தெரிந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? மாடு வாங்குகிறவன் ஒருத்தன் ஏற்கெனவே ஒரு முறை வந்து, கேட்காமலே என் கிழட்டுப் பசுவின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் கையை நான் மறக்கமாட்டேன்.

அப்போதுதான் தாங்கள் பெருந்தன்மையோடு, "என் பையன் கட்டித் தருவான் சம்பந்தி, நீங்க கவலையே படாதீங்க" என்றீர்கள். இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

தங்கள் மகன் எர்மெக் நாரின் பட்டணத்தில் கைபேசி ரிப்பேர் பார்க்கிறவர். ரிப்பேர் இல்லாத நேரத்தில் அந்தக் கைபேசியில் படம் பார்க்கிறவர். எங்கேயோ ஒரு தேசத்தில் தாடி வைத்த ஒருவன் காட்டுக்குள்ளே பெட்டிபோல் ஒரு வீடு கட்டிக்கொண்டு, படியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறானாம். அதை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "மாமா, இந்த வீட்டுக்கு யார் தயவும் வேண்டாம். கரண்டுக் கம்பி வேண்டாம், தண்ணிக் குழாய் வேண்டாம், எல்லாம் தானே பார்த்துக்கும். இப்ப உலகமே இப்படித்தான் வாழ ஆசைப்படுது" என்றார். எழுபத்து நாலு வருஷமாக நான் கம்பியும் இல்லாமல் குழாயும் இல்லாமல்தான் வாழ்கிறேன். ஒருத்தனும் வந்து படம் பிடிக்கவில்லை. "அந்தத் தாடிக்காரன்கிட்ட மாடு எத்தனை?" என்று கேட்டேன். "மாடு இல்ல மாமா." "பின்னே காட்டுல எதுக்கு உட்கார்ந்திருக்கான்?" தங்கள் மகன் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் வீடு ஆறு எட்டு நீளம், நாலு எட்டு அகலம், ஒரு காளை விற்ற காசுக்குள் முடித்துவிடலாம் என்றார். என்னிடம் விற்பதற்கு இருந்தது ஒரு காளை. ஒத்துக்கொண்டேன்.

ஒரு காளைக் காசில் என்னென்ன வாங்க முடியாது என்பதை இந்தக் கோடையில் நான் படித்தேன். பலகை வாங்க முடியாது. ஆகவே மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கல் அறுத்து வெயிலில் காயவைத்தோம். காய்ந்த கல்லை மாடுகள் நக்கின. வைக்கோல் தெரிகிற இடமெல்லாம் நக்கி நக்கி, என் வீட்டின் தெற்குச் சுவரில் பாதியைச் சுவர் ஆகும் முன்பே தின்றுவிட்டன. ஜன்னல் வாங்க முடியாது. ஆற்றோரம் கவிழ்ந்து கிடந்த பழைய பஸ்ஸிலிருந்து மூன்று ஜன்னல் கழற்றி வந்தோம், அதில் ஒன்றில் "அவசர வழி" என்று சிவப்பில் எழுதியிருப்பதாகச் சொனுன் படித்துச் சொன்னாள். கூரைக்கு அந்த இரும்பு வண்டியையே பிரித்தோம். போதாததற்கு வெளியே இருந்த ஒதுக்கிடத்தின் பலகையையும் பிரித்துப் போட்டோம். கூரைக்கு அடியில் குளிர் தாங்க, யாரும் வாங்காத போன வருஷத்து ஆட்டு ரோமத்தை அடைக்கலாம் என்றார் எர்மெக். நல்ல யோசனை, நானே மெச்சினேன். ரோமத்தைக் கழுவ வேண்டும் என்று அந்தத் தாடிக்காரன் சொல்லவில்லை போலிருக்கிறது. முதல் முதலாக அடுப்பு மூட்டியதும் வீடு மழையில் நனைந்த மந்தைபோல் நாற ஆரம்பித்தது. பக்கத்து மேய்ச்சல் ஒரோஸ்பாயின் கிழட்டு ஆடு ஒன்று எங்கிருந்தோ ஓடி வந்து, என் கூரையைப் பார்த்துக் கத்திக்கொண்டு இரண்டு நாள் நின்றது. "ஷாம்பெத் அண்ணே, அதோட அக்கா உள்ள இருக்கு போலருக்கு, கொஞ்சம் வெளிய விடுங்க" என்று ஒரோஸ்பாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான். அவன் அப்பனும் இப்படித்தான் பேசுவான். அவன் அப்பனை நான் அடித்திருக்கிறேன்.

வெயிலில் கரண்டு எடுக்கிற கண்ணாடித் தகடு ஒன்றை எர்மெக் பழசாக வாங்கி வந்து மூங்கில்போல் ஒரு கம்பு நட்டு அதன் மேல் நிறுத்தினார். மாட்டுக்கு முதுகு அரித்தால் கம்பு என்ன, கரண்டு என்ன. இப்போது அந்தத் தகடு மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. விளக்கு பட்டப்பகலில் ஜொலிக்கிறது, பொழுது சாய்ந்தால் அதற்கும் தூக்கம் வந்துவிடுகிறது. சுவர் எழுப்ப ஊர் கூடிச் செய்கிற உதவிக்கு ஆள் கூப்பிட்டேன். கூலி கிடையாது, சோறு மட்டும் என்பது வழக்கம். ஏழு பேர் வந்தார்கள். வந்து ஒரு ஆட்டைத் தின்றார்கள். தின்றுவிட்டு, சுவர் நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று படுத்துக்கொண்டு பார்த்தார்கள். படுத்துக்கொண்டு பார்த்தால் எல்லாச் சுவரும் நேராகத்தான் தெரியும் சம்பந்தி. மறுநாளைக்கு இன்னொரு ஆடு.

இதெல்லாம் போகட்டும். இதையெல்லாம் நான் புகாராகச் சொல்லவில்லை. புகார் இனிமேல்தான்.

தங்கள் மகன் கணக்குப்படி வாசல் குட்டைச் சுவரில் இருக்க வேண்டும். ஆனால் கதவு வாங்கக் காசு தீர்ந்துபோனது. அப்போதுதான் கீழே கூட்டுப்பண்ணைக் காலத்துச் சினிமாக் கொட்டகையை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானே போய் அதன் கதவைக் கேட்டு வாங்கி, இரண்டு மாட்டின் முதுகில் குறுக்கே கட்டி ஏற்றி வந்தேன். ஆமாம், நான்தான் வாங்கினேன், அதை மறைக்கவில்லை. தேவதாரு மரம், பித்தளைக் கைப்பிடி, நடுவே டிக்கெட் கொடுக்கிற பொந்துகூட அப்படியே இருக்கிறது. (ஒரோஸ்பாய் தட்டுவதில்லை, பொந்து வழியாகக் கையை நீட்டி, "அண்ணே, பின் வரிசையில ரெண்டு" என்கிறான்.) கதவின் அகலத்துக்குக் குட்டைச் சுவர் பத்தவில்லை. நெட்டைச் சுவரில் வைக்கலாம் என்றேன். எர்மெக் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "மாமா, அங்க வாசல் வச்சா, பெட்டி நேர் எதிர்ல வந்துடும். பரவாயில்லையா?" என்றார். சம்பந்தி, தாங்களே சொல்லுங்கள். பெட்டி என்றால் நம் வீட்டில் என்ன? துணிமணி வைத்து, மேலே மெத்தைகளை அடுக்கி வைக்கிற பெட்டி. அது எங்கே இருக்க வேண்டும்? வாசலுக்கு நேர் எதிரே, தோரில், மூத்த விருந்தாளி முதுகு சாய்க்கிற இடத்தில். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அங்கேதான். "பெட்டி எதிர்லதானே வரணும்? வேற எங்க வைப்பே?" என்று நான் அதட்டினேன். "நீங்க சொன்னா சரி மாமா" என்று அவர் முகமெல்லாம் மலர்ந்து போய்விட்டார். ஒரு வாரம் அங்கே தட்டிக்கொண்டும் அறுத்துக்கொண்டும் இருந்தார். நான் சந்தோஷமாக மாடு மேய்த்தேன்.

விருந்துக்கு முதல் நாள், மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். நல்லவேளை உள்ளே வைக்கவில்லை. ஒரு வட்டப் பொந்து. பொந்துக்குக் கீழே ஒரு வாளி. பக்கத்தில் ஒரு மூட்டை மரத்தூள், அள்ளிப்போட ஒரு கரண்டி.

அது என்ன என்பதைத் தங்களுக்கு எழுத எனக்குக் கை கூசுகிறது. நல்லவேளை எழுதுவது என் கை இல்லை. கக்கூஸ், சம்பந்தி. வீட்டுக்குள். தோரில்.

நான் போட்ட சத்தத்தில் மந்தை கலைந்து எதிர்ச் சரிவுக்குப் போய்விட்டது. எர்மெக் ஓடி வந்தார். "பெட்டின்னு சொன்னேனே மாமா!" "பெட்டின்னா பெட்டிடா!" "உங்க முன்னால அந்த வார்த்தையை எப்படி மாமா சொல்லுவேன், நீங்க என் மாமனாராச்சே? மரியாதைக்குப் பெட்டின்னேன்." மரியாதைக்கு! மாமனார் காதில் ஒரு கெட்ட வார்த்தை விழக்கூடாது என்று, மாமனார் வீட்டுத் தோரில் அதையே கட்டி வைத்திருக்கிறார் தங்கள் பிள்ளை. "அத்தை போன குளிர்காலம் விழுந்தாங்களே, அதனாலதான் உள்ளயே வச்சேன். அந்தக் கை இன்னும் சரியா மடங்கலையே" என்று வேறு சொன்னார். சொனுன் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போதும் இந்த வரியை மட்டும் அழகாக, நிறுத்தி நிறுத்தி எழுதுகிறாள். நான் மசியவில்லை. "இப்பவே பிரிச்சு எடு" என்றேன். புகைக்குழாய்போல் ஒரு குழாய் அதிலிருந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகிறது. பிரித்தால் கூரையும் வரும், நாளைக்குள் முடியாது என்றார். கடைசியில் சொனுன்தான் அதன் மேல் தன் கல்யாணக் கம்பளத்தை விரித்து, நாலு மெத்தை அடுக்கி மூடினாள். இன்னும் யாரும் அதைத் தொட்டுத் தீண்டவில்லை என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். விருந்தாளியைப் பக்கவாட்டுச் சுவரோரம் உட்காரவைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்பது என் ஏற்பாடு.

விருந்தாளி யார் என்று தங்களுக்குத் தெரியும். தங்கள் தாய்மாமன் சாபர் பெரியவர். எண்பத்து மூன்று வயது, இந்தப் பள்ளத்தாக்கில் அவர் ஆசி சொல்லாத வீடு இல்லை. குதிரையைவிட்டு இறங்கினார், கதவைப் பார்த்தார், "இந்தப் பொந்து வழியா நான் டிக்கெட் வாங்கியிருக்கேன்டா" என்றார், வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தார். நான், "இப்படி வாங்க, இப்படி வாங்க" என்று பக்கச் சுவரைக் காட்டினேன். யாரிடம் காட்டுகிறேன்? எண்பத்து மூன்று வருஷமாக வாசலுக்கு நேர் எதிரே நடந்தே பழகின கால் அது. நேராகப் போய், மெத்தையைத் தட்டிப் பார்த்து, உட்கார்ந்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அந்த ஒரோஸ்பாய், "நல்லா சாய்ஞ்சு உட்காருங்க பெரியவரே, உங்களுக்குன்னே செஞ்ச இடம்" என்றான். முதல் நாள் என் சத்தம் அவன் வேலி வரைக்கும் போயிருக்கிறது.

பெரியவருக்கு முகம் பூரித்துப் போனது. "அடேய் ஷாம்பெத், பத்து வருஷமா என் முட்டி மடங்கல. எல்லார் வீட்டுத் தோர்லயும் தரையில உட்காரவச்சு எழுப்பிவிட மூணு பேரைத் தேடறானுங்க. முட்டியை நெனச்சு உசரமா ஒரு தோர் கட்டினவன் நீ ஒருத்தன்தான்" என்றார். நான் தரையைப் பார்த்தேன். சொனுன் தேநீரைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றினாள். ஆட்டுத் தலையைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தோம். ஆற அமரச் சாப்பிட்டார், அதன் கண் ஒன்றை எடுத்து மரியாதைக்கு எனக்குக் கொடுத்தார். நான் அதை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். சாப்பாடு முடிந்தது. பெரியவர் இரண்டு கையையும் விரித்தார், நாங்கள் எல்லோரும் விரித்தோம். ஆசி ஆரம்பித்தது. இன்னும் நாலே வாக்கியம், ஆசியை முடிக்கிற ஒரு ஓமின், முகத்தில் கையைத் தடவிக்கொண்டால் வீடு வீடாகிவிடும், மாடுகள் என்னுடையவை, நாலாவது மாடி யாருக்கோ. சுவருக்குச் சொன்னார், கூரைக்குச் சொன்னார், அடுப்புக்குச் சொன்னார். பிறகு, "இந்த வீட்டுக்குள்ளே வருவது பெருகட்டும், வெளியே போவது குறையட்டும்" என்றார். ஒரோஸ்பாய் மூக்கால் ஒரு சத்தம் போட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். தங்கள் மகன் விடவில்லை. வேலைக்காரன் தன் வேலையைப் பற்றி யாரோ சந்தேகப்பட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து, விரித்த கை விரித்தபடியே, "வெளியே போறதைப் பத்திக் கவலையே வேண்டாம் தாத்தா. எல்லாம் நீங்க உட்கார்ந்திருக்கிற பெட்டிக்குள்ளயே தங்கிடும். ஒரு கரண்டி மரத்தூள் போட்டா வாசனைகூட வராது" என்றார்.

"எந்தப் பெட்டிக்குள்ள?" என்றார் பெரியவர்.

அவர் எழுந்தார். முழங்கையால் மெத்தையைத் தள்ளி, கம்பளத்தை விலக்கி, மூடியைத் தூக்கிப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஆசிக்கு விரித்த கையை ஓமின் சொல்லாமல் மடக்கக்கூடாது. இந்த வீட்டுக்கு ஓமின் சொல்லவும் அவர் வாய் வரவில்லை. விரித்த கையோடு அப்படியே வெளியே நடந்தார். கையால் பிடிக்காமல் குதிரை ஏற முடியுமா? நானும் எர்மெக்கும் மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி ஏற்றினோம். கடிவாளத்தைச் சேணத்தில் போட்டுவிட்டோம், குதிரைக்கு வழி தெரியும். மழைக்குக் கையேந்துகிறவர்போல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டே அவர் சரிவில் இறங்கிப் போனதை இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பார்த்தது. எங்கே போய்க் கையை மடக்கினாரோ, எனக்குத் தெரியாது.

விருந்துக்கு வந்திருந்த மேரிம் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஆசி முடியலப்பா. இது வீடு இல்ல. வெள்ளிக்கிழமை கரி லாரி மேல வருது, டிரைவர்கிட்ட சொல்லியாச்சு. மூட்டை கட்டி வைங்க." "பாதி ஆசி சொன்னாரே!" என்றேன். "பாதி வீட்டுல குடியிருப்பீங்களா?" என்றாள். பேச்சில் அவள் என்னைக் கொண்டிருக்கிறாள், யாரிடம் போய் நோவது? ரொட்டி மேல் வைத்த கையை நான் எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை லாரி வந்தால் ஏறத்தான் வேண்டும். அந்த விலா தடவுகிறவன் பின்னாலேயே வருவான்.

ஆகவே சம்பந்தி, மனம் நொந்து கேட்கிறேன். இது தங்கள் பிள்ளை வாயால் வந்த வினை, தங்கள் மாமன் வாயால்தான் தீர வேண்டும். தாங்கள் இந்தக் கடிதம் கண்டதும் குதிரை ஏறி சாபர் பெரியவர் வீட்டுக்குப் போய், அவர் காலைப் பிடிப்பீர்களோ, கையைப் பிடிப்பீர்களோ, விட்ட இடத்திலிருந்து அந்த ஓமின் ஒன்றை வாங்கிவிட வேண்டும். தங்கள் மகனை ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு இங்கே அனுப்பி, அந்தப் பெட்டியை அடியோடு பெயர்த்து, என் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குச் சுமந்து போகச் சொல்ல வேண்டும். கூரை வந்தாலும் பரவாயில்லை, நான் வானத்தின் கீழே படுத்துக்கொள்வேன். அதுவரைக்கும் லாரியை நிறுத்தச் சொல்லி மேரிமிடம் தாங்களே பேச வேண்டும், நான் பேசினால் சிரிக்கிறாள். இதில் ஒன்று நடக்காவிட்டாலும் நான் நேராகத் தங்கள் பிள்ளையின் நாலாவது மாடிக்குத்தான் வருவேன். அங்கே சமையலறையில் படுப்பேன். என் குறட்டையைத் தாங்கள் கல்யாணத்தின்போது கேட்டிருக்கிறீர்கள். மறந்திருந்தால், அன்றைக்குத் தாங்களே எழுந்து போய்த் தொழுவத்தில் படுத்துக்கொண்டதை நினைவுபடுத்துகிறேன்.

தங்கள் வீட்டு அம்மாளுக்கு எங்கள் சலாம். தங்கள் வாயில் மிச்சமிருக்கிற பற்கள் நூறாண்டு நிலைக்கட்டும். தங்கள் குதிரை வழுக்காமல் நடக்கட்டும், தங்கள் அடுப்பு அணையாமல் எரியட்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள் என்று எழுதச் சொல்கிறாள் சொனுன். நான் சொல்லவில்லை, அவள் எழுதுகிறாள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி ஷாம்பெத்.
(கட்டைவிரல் ரேகை)

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒரோஸ்பாய் மறுநாள் கீழே கொண்டுபோவதாக இருந்தது. அதற்குள் பனி கொட்டிவிட்டது. ஐந்து நாள் வழி அடைத்து, வெள்ளிக்கிழமை லாரியும் வரவில்லை. பனி ஆரம்பித்த அன்று மத்தியானம் கதவில் முட்டுகிற சத்தம் கேட்டு, மாடுதான் என்று அதட்டிக்கொண்டே திறந்தேன். தங்கள் தாய்மாமன். மேலே மேயவிட்ட குதிரைகளைத் தேடி வந்தவர் பனியில் மாட்டிக்கொண்டார். அந்தப் பனியில் அவர் கண்ணுக்குப் புகை தெரிந்த கூரை என்னுடையது ஒன்றுதான்.

உள்ளே வந்தார், ஆனால் வாசல் ஓரத்திலேயே, செருப்புக் கழற்றுகிற இடத்தில், ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். "பெரியவரே, மேல வாங்க" என்றேன். "நான் இங்கயே இருக்கேன்" என்றார். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை, சொனுனோடு மட்டும் பேசினார். மறுநாள் காலையில் எழுந்து, கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பாறை மறைவுக்கென்று வெளியே போனார். கதவைத் திறந்தபோது அடித்த காற்றில் அடுப்பு ஒரு முறை அணைந்து எரிந்தது. பத்து எட்டுப் போயிருப்பார், திரும்பி வந்து நின்றார். தாடி முழுக்கப் பனி. சொனுன் பெட்டிக்கு முன்னால் ஒரு திரை கட்டியிருக்கிறாள். அந்தத் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அந்த மரத்தூள் எங்க இருக்கு?" என்றார்.

உள்ளே போனார். நானும் சொனுனும் இரண்டு கிண்ணம் தேநீர் குடித்து முடித்தோம். வெளியே வந்தார். சொனுன் கெண்டியிலிருந்து வெந்நீர் ஊற்ற, கையை நிதானமாக முழங்கை வரை கழுவித் துடைத்தார். நேராக நடந்து போய்த் திரைக்கு முன்னால், வாசலுக்கு நேர் எதிரே, அடுக்கியிருந்த மெத்தைகள் மேல் உட்கார்ந்தார். இரண்டு கையையும் விரித்தார். நாங்களும் விரித்தோம். "வெளியே போவது இனி இதமாகவே போகட்டும், ஓமின்" என்று சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்.

ஆகவே மேலே எழுதிய அத்தனையையும் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். ஓமினுக்காகத் தாங்கள் யார் காலிலும் விழ வேண்டாம். மேரிமிடம் ஆசி முடிந்துவிட்டது, அது ஆரம்பித்ததும் பனி விழுவதற்கு முன்னால்தான் என்று சொல்லவும். சாட்சிக்குச் சொனுனும் நாயும் இருந்தார்கள். எர்மெக் ஸ்க்ரூ டிரைவரோடு வரவே கூடாது. அந்தப் பெட்டியில் ஒரு ஆணியைத் தொட்டால் கையை உடைத்துவிடுவேன் என்று பெரியவர் சொல்லச் சொன்னார், நானும் சொல்கிறேன். சொனுன் விருந்து முடிந்த மறுநாளிலிருந்தே அதைப் புழங்குகிறாள் என்று இப்போதுதான் எனக்குத் தெரிய வருகிறது. நானா? என்னைப் பற்றி எழுதாதே என்று சொன்னேன். பென்சில் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

ஆனால் சம்பந்தி, இந்த அநியாயத்தைத் தாங்கள் கேட்டே ஆகவேண்டும். வழி திறந்து நாலு நாளாகிறது. குதிரைகள் தாமாகவே வீட்டுக்குப் போய்விட்டன. ஒரோஸ்பாய் இந்தக் கடிதத்தோடு இப்போது கீழே போகிறான், "கூட வாங்க பெரியவரே" என்று கூப்பிட்டும் பார்த்துவிட்டான். பெரியவருக்கு முட்டி வலியாம். காலைத் தேநீர் குடித்ததும் மூக்குப்பொடி டப்பாவோடு திரைக்குள்ளே போகிறார். போய் உட்கார்ந்துகொண்டு, என் அப்பா காலத்துக் குளிர்காலக் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார், நாங்கள் இந்தப் பக்கமிருந்து 'ம்' கொட்ட வேண்டும். அதிலும் பாதி தப்பு. பெரும்பனி விழுந்தது புள்ளிக் காளை செத்த வருஷம் இல்லை, அதற்கு அடுத்த வருஷம். வெளியே இருந்த ஒதுக்கிடத்தையோ நாங்கள் கூரைக்குப் பிரித்துப் போட்டுவிட்டோம். இந்த வயதில் என் சொந்த வீட்டில் நான் வரிசையில் நிற்கிறேன். லாரி வேண்டாம், மாப்பிள்ளை வேண்டாம், தாங்கள் வாருங்கள். பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே புறப்பட்டு வந்து தங்கள் தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இதற்கு மேல் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் திரை விலகுகிறது, சொனுன் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, எனக்கு முந்தி உள்ளே ஓடிவிட்டாள். இந்தக் கடைசி வரியை ஒரோஸ்பாய் எழுதுகிறான். அடுத்தது என் முறை.